பரமசிவன் கேட்டது

சங்கரன்கோவில்
19-8-83

அன்புத் தம்பி இசக்கிப்பாண்டிக்கு,

அக்கா செண்பகவல்லி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். சின்னவளுக்குத்தான் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. மெட்ராசில் தண்ணீர்க் கஷ்டம் என்று பேப்பரில் போட்டிருந்தான். கிடைக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி.

தறிக்கூடத்தில் கரண்ட் பாதி நாள்தான் இருக்கிறது. தறிக்கு நூல் தார் சுற்றிச் சுற்றி என் தோள்பட்டை விட்டுப்போகிறது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நீ வருவாய் என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். சரி.

தபசு அன்று முத்துத்தாய் அம்மாள் நம் வீட்டுக்கு வந்தாள். ராயகிரிப் பரமசிவனின் தாயார். ஆனியில் திருநெல்வேலி குத்துச்சண்டைப் போட்டியில் நீ ஜெயித்தாயே, அந்தப் பையன். அன்றைக்கு அவன் எழுந்து நடந்துதான் போனான். உன் கையைக்கூடக் குலுக்கினான். நீ சாயந்தர ரயிலுக்கே கிளம்பிவிட்டாய். இரண்டொரு நாளில் வயலில் மயங்கி விழுந்திருக்கிறான். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்களாம். உயிர் பிழைத்துவிட்டான். ஒரு பக்கம் கையும் காலும் வரவில்லை. உனக்கு அங்கே யாராவது சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். உன் கடைசிக் கார்டில் இரண்டு வரிதான் இருந்தது.

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று பயந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "எம் மவன் ஒங்களப் பாக்கணுங்கான், ஒரு நட வந்துட்டுப் போங்க தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போலீசு, கேசு என்று வம்பாகிவிடும், போகாதே என்றார் உன் அத்தான். நான் அவரிடம் சொல்லாமல் போன ஞாயிற்றுக்கிழமை ராயகிரி பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் உன் நினைப்புதான். உமி மூட்டையைத் தறிக்கூட உத்தரத்தில் கட்டி நீ குத்தின குத்தில் முதலாளி வந்து சத்தம் போட்டார். அப்போதெல்லாம் எவன் சண்டைக்குக் கூப்பிட்டாலும் போய், உதடு கிழிந்து வந்து நிற்பாய். அழுதுகொண்டே உப்பு ஒத்தடம் கொடுப்பேன். ரயில்வேயில் சேர்ந்து முறையாகப் பழகிய பிறகு முகத்தில் ஒரு கீறல் இல்லாமல் வந்தாய். "அடிக்கது பெரிசில்லக்கா, அவன் கை வருததுக்கு முன்ன நம்ம காலு நகரணும்" என்று அடுப்படியில் ஆடிக் காட்டினாய். என் தம்பி இனி அடிபட மாட்டான் என்று அன்றைக்கு எவ்வளவு நிம்மதி எனக்கு. எதிரே நிற்கிறவனைப் பற்றி நான் நினைக்கவேயில்லை.

பரமசிவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலையில் தையல் தெரிந்தது. உன்னை என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்வது என்றுதான் நான் போனேன். அவன் என்னைப் பார்த்ததும் சிரித்தான். பேச்சு குழறுகிறது, குனிந்து கேட்கவேண்டியிருந்தது. "கடைசியா விட்ட அந்தக் குத்து எங்கருந்து வந்துச்சுன்னே தெரியலக்கா. அதுக்கு எப்பிடி ஒதுங்கணும்னு அண்ணன்ட்ட கேட்டுச் சொல்லுங்க. அடுத்த மாட்சுல வாங்க மாட்டேன்" என்றான்.

முத்துத்தாய் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அடுத்த மாட்ச் என்று ஒன்று கிடையாது என்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. தம்பியிடம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு என்ன தெரியும், இசக்கி? உனக்குத்தான் தெரியும். இதற்குக் கார்டில் பதில் எழுதிவிடாதே. நேரில் வா. கிளம்பும்போது தந்தி கொடு, ஸ்டேஷனில் நிற்கிறேன், அங்கிருந்தே இரண்டு பேருமாக ராயகிரிக்குப் போவோம். அத்தானை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை, முறைப்படிதான் ஜெயித்தாய். இருந்தாலும் வா, ராசா. அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அவன் கேட்கிறதைச் சொல்லிக்கொடு.

கோமதியம்மன் உங்கள் இரண்டு பேருக்கும் துணையிருக்கட்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும் அக்கா,
செண்பகவல்லி