ஆடியது வண்டியின் கழுத்து, பழி என் அண்ணனுக்கு

கதிர் அண்ணா, என் ராசா,

உன் முதலாண்டு நினைவு நாளுக்கு எல்லோரையும் போல நானும் நான்கு வரி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. ஒரு மாதம் தாமதமாக, கோபத்தோடு எழுதுகிறேன். ஆறுதல் வார்த்தை எதிர்பார்த்து இதைப் படிக்கிறவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளட்டும்.

உன்னைப் பேயாக்கிவிட்டார்கள், அண்ணா. மஞ்சள் காமாலையில் பதினொரு நாள் படுத்து, கடைசி வரைக்கும் யாருக்கும் தொந்தரவு வைக்காமல் போனவன் நீ. நான் வாழ்கிற காஜா பெராங்கிலிருந்து ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருத் துணிக்கடை வரைக்கும் இப்போது உனக்கு என்ன பெயர் தெரியுமா? மோட்டார் பேய்.

நீ போனபின் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு மாதத்தில் மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். தெருவெல்லாம் வளைவு கட்டினார்கள். அடுத்த மாதம் பாப்பா பிறந்தாள். உன் காது அவளுக்கு. செமாபோக்கில் நம் வீட்டில் அம்மா உன் மோட்டார் சைக்கிளைப் பழைய போர்வை போட்டு மூடி வைத்திருந்தார்கள். உன் மைத்துனருக்கு, என் வீட்டுக்காரருக்கு, புக்கிட் ரம்பாய்க்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தது. பஸ் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அம்மாதான், "சும்மா நின்னு துருப் பிடிக்குது, எடுத்துக்குங்க மாப்ள" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ துடைத்துத் துடைத்து வைத்த வண்டி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

என் மாமியாருக்கு மட்டும் இல்லை. செத்தவன் வண்டி, கல்யாண வயதில் செத்தவன் வண்டி என்று புலம்பினார்கள். பூசாரியிடம் போய் ஒரு செப்புத் தகடு மந்திரித்து வாங்கி வந்தார்கள். வண்டியில் வைத்தாகிவிட்டது என்று சொன்னார்கள். சீட்டுக்கு அடியில் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தாயின் பயம்தானே, வைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் நான் தப்புச் செய்தேன்.

இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் இவர் முகம் வெளிறி வீட்டுக்கு வந்தார். நாற்பது மைல் வேகத்தில் ஹேண்டல் தானாக ஆடியதாம். யாரோ எதிரே நின்று இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவது போல இருந்ததாம். பிரேக் போட்டால் முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். அடுத்த வாரம் செம்மண் வளைவில் வண்டியோடு சாலையோரக் கால்வாயில் விழுந்தார். முழங்காலில் தோல் போனது. இன்னும் ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் கால்வாயின் சிமென்ட் விளிம்பில் தலை பட்டிருக்கும். அண்ணா, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த ஒரு முழத்தை நான் எத்தனை தடவை மனதில் அளந்திருப்பேன்?

அதிலிருந்து ஆரம்பித்தது பேச்சு. பாப்பாவுக்குச் சட்டைத் துணி எடுக்க ஜாலான் பெண்டஹாராவுக்குப் போயிருந்தேன். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நிற்பது தெரியாமல் இரண்டு பெண்கள் பேசினார்கள்.

"அந்தக் கிராணி விழுந்தாராமே."

"விழாம? யாரு மோட்டாரு அது? அந்தச் செமாபோக் பையன், கதிரு. கண்ணாலம் ஆகாமப் போயிட்டான்ல. ஏறுறவனைத் தள்ளி விடுறானாம்."

"மச்சானையேவா?"

"பேய்க்கு என்னாக்கா மச்சான், மாமன்?"

துணியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். குறுக்கே கோழி போனால்கூட காலை ஊன்றி நின்று, "போம்மா, நீ மொதல்ல போ" என்று வழி விடுகிறவன் நீ. தங்கையின் புருஷனைக் கால்வாயில் தள்ளுவாயா?

ஒன்றை உன்னிடம் மறைக்கக் கூடாது. அன்று சாயந்திரம் இவர் வரத் தாமதமானபோது, ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நானும் வாசலில் நின்றுகொண்டு, "அண்ணா, இவரை விட்டுடு" என்று வாய்க்குள் சொன்னேன். அதற்காக எனக்கு என் மேலேயே ஆத்திரம். ஊர் சொன்னதற்கு மேல் எரிந்தது அந்த ஒரு நிமிடம்.

பிறகுதான் புத்தி வந்தது. ஹேண்டல் ஆட்டம், பிரேக்கில் ஒரு தட்டு. இதை நான் எங்கோ படித்திருக்கிறேனே? படித்துக் காட்டியிருக்கிறேனே, உனக்கு. உன் வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான் படிக்க, நீ நட்டு முடுக்குவாய். "என்னா சொல்றான் வெள்ளைக்காரன்?" என்று வண்டிக்கு அடியிலிருந்து கேட்பாய். முன் டயரில் காற்றுக் குறைந்தால் வண்டி அலையும். செயினை இறுக்கும்போது பின்சக்கரம் கோணிப் போனால் ஒரு பக்கமாக இழுக்கும். ஹேண்டலும் முன் ஃபோர்க்கும் சேருகிற கழுத்தில் நட்டு தளர்ந்தால் தலை ஆடும், பிரேக்கில் தட்டும். பக்கம்கூட நினைவிருக்கிறது, உன் கிரீஸ் விரல் பட்ட பக்கம்.

இவரிடம் சொன்னேன். "காத்துப் பாத்தேன், சரியா இருக்கு" என்றார். கழுத்து நட்டைப் பாருங்கள் என்றேன். அதற்குள் இவருடைய சித்தப்பா உள்ளே வந்துவிட்டார். லோரி ஓட்டுகிறவர். வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் இந்த வீட்டில் மறுபேச்சு இல்லை.

"ஏம்மா, காலேஜில மோட்டாரும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல சித்தப்பா, அது எங்க வீட்டுலயே படிச்சது."

"நல்லாருக்கு போ. நட்டெல்லாம் நான் என் கையால முடுக்கினதும்மா. அதுல ஒண்ணும் இல்ல. இது வேற."

அந்த வேறு என்னவென்று அவர் வாயால் சொல்லவில்லை, சாமிப் படத்தைப் பார்த்தார். ஹேண்டலுக்கு நடுவில் இருக்கிற, அது சட்டென்று திரும்பாமல் பிடித்துக்கொள்ளும் குமிழைத் திருகி இறுக்கிவிட்டு, "இப்ப ஆடாது பாரு" என்றார். அந்தக் குமிழைப் பற்றி நீ சொல்வாயே, அது வைத்தியம் இல்லை, அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவது என்று. அப்படியேதான் ஆனது. வேகத்தில் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. மெதுவாகப் போனால் வண்டி குடித்தவன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. மாட்டு வண்டிக்கு வழி விடப் போய் இரண்டாம் தடவை விழுந்தார்.

மாமியார் அழுதார்கள். சித்தப்பா முடிவு சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரியை வீட்டுக்குக் கூப்பிட்டு, பூசணிக்காய் உடைத்து, உன்னை வண்டியிலிருந்து இறக்க வேண்டுமாம். இறங்காவிட்டால் கட்டிப் போட வேண்டுமாம். என் அண்ணனை. என் வீட்டு வாசலில். நான் பாலூட்டுகிறவள், அன்றைக்கு அந்தப் பக்கமே வரக் கூடாதாம். நீ போனபோது வயிற்றில் நான்கு மாதம் என்று மயானத்துக்குக் கிளம்பும்போது என்னை உள்ளே வைத்தார்கள். இப்போது குழந்தையைக் காட்டி உள்ளே வைக்கிறார்கள். உன்னை வழியனுப்ப எனக்கு எப்போதுதான் அனுமதி கிடைக்கும்?

"நீங்களும் நம்புறீங்களா?" என்று இவரைக் கேட்டேன்.

"நம்பலை சரோ. ஆனா அம்மா பயப்படுறாங்க."

"நான் பயப்படலையா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

அந்த வெள்ளிக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், ஏற்பாடு பேச மாமியார், சித்தப்பா, இவர் மூவரும் பூசாரி வீட்டுக்குப் போனார்கள். பாப்பா சாரோங் தொட்டிலில் தூங்கினாள். பக்கத்து வீட்டு நாகம்மாவைக் கூப்பிட்டேன். சிட்டி வம்சத்துப் பெண், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிய தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். நல்ல ஆகிருதி. இன்ஜினுக்கு அடியில் மரப் பெட்டியைக் கொடுத்து, அவளைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னேன். முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் கீழே பிடித்து முன்னும் பின்னும் தள்ளினேன்.

டொக். டொக்.

"ஹந்து மானா? லொங்கார் சஹஜா," என்றாள் நாகம்மா மேலேயிருந்து. பேய் எங்கே, வெறும் லூசுதானே என்று. அண்ணா, நீ போனபின் நான் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

உன் ஸ்பேனர்களைச் சுற்றி வைத்த கித்தான் பையை அவிழ்த்தேன். குமிழைக் கழற்றினேன். கழுத்துக்கு மேலே இருக்கிற பெரிய நட்டைத் திருகினால், விரலாலேயே வந்துவிட்டது. பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்க வேண்டிய போல்ட்டும் தொளதொளவென்று இருந்தது. நட்டைத் தூக்கினேன். அடியில் பளபளவென்று ஒன்று.

செப்புத் தகடு.

நான்காக மடித்து, நடுவில் துளை வெட்டி, வாஷர் மாதிரி கழுத்தில் கோத்திருந்தார்கள். வண்டியின் தலையில் வைக்கச் சொன்னாராம் பூசாரி. எது தலை என்று தேடிச் சித்தப்பா இந்த நட்டைக் கழற்றி, அடியில் வைத்து, தன் கையால் முடுக்கியிருக்கிறார். புதிதில் இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். செம்பு மிருதுதானே. குலுங்கக் குலுங்கத் தகடு நசுங்கியது, நட்டு தளர்ந்தது, உள்ளே இரும்புக் குண்டுகள் ஆடின. எழுதியிருந்த மந்திரத்தில் பாதியை அவர்கள் வெட்டிய துளையே தின்றிருந்தது.

பேயிடமிருந்து காப்பாற்ற வைத்ததுதான் என் புருஷனை இரண்டு தடவை கீழே தள்ளியது. பழி, வாய் திறக்க முடியாத உனக்கு.

எனக்கு வந்தது பயமில்லை, கோபம். தகட்டை எடுத்து வைத்துவிட்டு நட்டைப் போட்டேன். ஹேண்டல் தன் கனத்திலேயே இரண்டு பக்கமும் விழ வேண்டும், ஆனால் ஃபோர்க் முன்பின் அசையக் கூடாது. கொஞ்சம் இறுக்கினேன், அதிகம். கொஞ்சம் விட்டேன், தட்டியது. நான்காவது முறை சரியாக வந்தது. பக்கத்துப் போல்ட்டை முடுக்கினேன். குமிழைத் தளர்த்தி வைத்தேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது என் கையெல்லாம் கிரீஸ். தகட்டைச் சித்தப்பா கையில் கொடுத்தேன்.

"இதை எதுக்கும்மா எடுத்த?" அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இவரை ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க சித்தப்பா. ஆடினா மறுபடி நீங்களே வைங்க."

இவர் வண்டியில் ஏறினார். போய் வர அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். நான் முடுக்கிய நட்டு. ஏதாவது ஆனால் என் கை. வாசலில் வந்து நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அம்பது வரைக்கும் போனேன். கல்லு மாதிரி நிக்குது."

முடிந்தது என்று நினைத்தாயா? மாமியார் நசுங்கிய தகட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பாத்தியா, எல்லாத்தையும் இதுதான் தாங்கியிருக்கு. அவனை அனுப்பிட்டு நசுங்கிப் போச்சு" என்றார்கள். சித்தப்பாவுக்கு உயிர் வந்தது. "அதானே" என்றார். வெள்ளிக்கிழமைப் பூசையை விட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் கோயிலில் பத்துப் பேருக்கு நடுவில் தகடு பேயை ஓட்டிய கதையைச் சொன்னாராம். இவர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதைக் கேட்டபின் இரண்டு நாள் நான் இவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காபியை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"என்ன நடந்துச்சின்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"பெரியவர் சரோ. பத்துப் பேரு முன்னால அவரை எப்படி... நமக்குத் தெரிஞ்சா போதாதா?"

போதாது. உன்னைப் பேய் என்று நம் வீட்டுக்குள் மட்டுமா சொன்னார்கள்? கடைத்தெருவில் சொன்னார்கள். கோயிலில் சொன்னார்கள். உயிரோடு இருக்கிற பெரியவரின் முகம் வாடக் கூடாது, செத்தவனின் பெயர் என்ன ஆனாலும் பரவாயில்லையா? அதனால்தான் இதைத் தபாலில் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். இதுவரை எழுதியதை இவரிடம் காட்டினேன். முழுவதும் படித்தார். நட்டைப் பற்றிய பகுதியை இரண்டு தடவை படித்தார்.

"எல்லாம் சரிதான். என் பேரை மட்டும் போடாத."

"உங்க பேரு இதுல எங்கயும் இல்ல. எங்கண்ணன் பேரு இருக்கு, அது போதும்."

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவராகவே உறையை எடுத்துப் பத்திரிகையின் விலாசத்தை எழுதி வைத்தார். புக்கிட் ரம்பாய் போகிற வழியில் அவரே தபாலில் போடுகிறாராம், உன் வண்டியில் போய்.

அண்ணா, இனி அந்தக் கழுத்தை என்னைத் தவிர வேறு யாரும் தொடமாட்டார்கள். ஞாயிறுதோறும் காற்று, செயின், நட்டு மூன்றையும் பார்ப்பேன். பாப்பா வளர்ந்து தாய்மாமன் எப்படி என்று கேட்பாள். கோழிக்கு வழி விட்டவன் என்று சொல்வேன். வேறு மாதிரிச் சொல்கிறவர்கள் முன்னால், அவர்கள் எத்தனை பெரியவர்களானாலும், எழுந்து நின்று பேசுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் மருமகளைப் பெற்றவள், உன் கூடப் பிறந்தவள்,
சரோஜா
காஜா பெராங், மலாக்கா