ஏழாம் கண் காணாதது

நலம் சிறக்க. ஆறு வற்றாது ஓடுக; களத்துப் புல் வாடாது நிற்க. நொச்சிநாடு முழுதும் ஆள்வோரும், நாரைக்கொடி உடையோரும், பகைவர் முதுகு கண்டோருமாகிய ஆதன் பெருவேள், கொன்றைமூதூர் அரண்மனையில் இருந்து, தாழைக்குடி ஊரினரும், பத்தொன்பது ஆண்டுகள் நம் கால்பந்துக் களத்தின் தலைமை நடுவராய் நின்றவருமாகிய பொற்சாத்தனாருக்கு எழுதி விடுக்கும் ஓலை. உமக்கும் உம் மனையோர்க்கும், உம் தொழுவத்துப் பசுவுக்கும் கன்றுக்கும் நலம் உண்டாகுக.

இது நாம் எழுதும் நான்காவது ஓலை. முதல் மூன்றும் அடுப்புக்குப் போயின. உட்கார்ந்து எழுத முடியவில்லை. நான்கு வரி எழுதுவதும், எழுந்து சாளரம் வழியே களத்தைப் பார்ப்பதும், மீண்டும் வந்து அமர்வதுமாக இருக்கிறோம். எழுத்து கோணிக் கிடந்தால் பொறுத்துக்கொள்வீராக.

நடந்ததை நீர் அறிவீர். ஆயினும் அரச ஓலையில் அதை முறைப்படி சொல்ல வேண்டும்; இந்த ஓலையை உம்மையன்றிப் பிறரும் கேட்கப்போகிறார்கள்.

ஆற்றிடைத் திட்டுக்காக ஆழிநாட்டாரோடு நாற்பது ஆண்டு வெட்டிக்கொண்டு மடிந்தபின், நம் பாட்டனும் அவர்கள் பாட்டனும் வாளைக் கீழே வைத்து ஓர் உடன்படிக்கை செய்தார்கள். ஆண்டுக்கு ஒரு கால்பந்தாட்டம். வென்றவர் கொடி அந்த ஆண்டு முழுதும் திட்டில் பறக்கும். தொடங்கிய ஆட்டம் ஏழு நாளுக்குள் முடியாவிட்டால் உடன்படிக்கையும் முடிந்தது. இவ்வாண்டு நாம் ஒரு பந்து முன்னே இருந்தோம். ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரமே மீதி. அப்போது ஆழிநாட்டுத் தலைவன் தலையால் முட்டிய பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுச் செங்குத்தாகக் கீழே விழ, நம் வாயிற்காவலன் அதை வாரி வெளியே இழுத்தான். நீர் பத்தடி தூரத்தில் நின்றிருந்தீர். உடனே சங்கை ஊதவில்லை. ஒருமுறை நிமிர்ந்து பார்த்தீர். பிறகு கையை விரித்து, பந்து கோட்டைக் கடக்கவில்லை என்று தீர்ப்பளித்தீர்.

ஆழிநாட்டுத் தலைவன் மறுகாட்சி கேட்டான். நீரும் சட்டப்படி இரு சுட்டுவிரலாலும் காற்றில் ஒரு கட்டம் வரைந்தீர்.

அந்தச் சட்டம் நாமே இயற்றியது. கடல் கடந்த வணிகர் மூன்றாண்டுகளுக்கு முன் காட்சிப்பேழையைக் கொண்டுவந்து, களத்தைச் சுற்றி எட்டுக் கண்களை நாட்டி, நடந்ததை நடந்தபடியே திரும்ப ஓட்டிக் காட்டியபோது எல்லோரையும்விட அதிகம் துள்ளியவர் நாமே. காட்சியைக் கூடத்துக்குள் ஆய்வோர் மூவர் மட்டும் பார்க்கட்டும், ஊருக்கு முடிவை மட்டும் சொல்லலாம் என்று அமைச்சர் விண்ணப்பித்தார். நாம் கேட்கவில்லை. கண் கண்டதை ஊர் காணட்டும் என்று பறையறைவித்து, கிழக்கு மதில் மேல் வெண்திரையை ஏற்றினோம். ஏழாம் கண்ணை வடக்குக் கோபுரத்தில் வைக்கச் சொன்னதும் நாமே. களம் முழுதும் தெரியும் என்று காரணம் சொன்னோம். அங்கிருந்து பார்த்தால் நம் மாடமும் முத்துக்குடையும் எடுப்பாகத் தெரியும் என்பதே உண்மைக் காரணம்.

வினை அங்கிருந்து வந்தது. மற்றக் கண்களில் எல்லாம் வாயிற்காவலன் உடல் பந்தை மறைத்தது. ஏழாம் கண் மட்டும் கண்டது. பந்து கோட்டுக்கு அப்பால் ஒரு சாண் உள்ளே கிடந்தது. பந்துக்குப் பின்னால், தொலைவில், குடையின் கீழ் நம் முகம். நீர் நிமிர்கிறீர், நம் தலை இடப்புறம் ஒருமுறை, வலப்புறம் ஒருமுறை அசைகிறது. ஆய்வோர் ஐயம் தீர அதை மெதுவாக, முன்னும் பின்னுமாக நான்கு முறை ஓட்டினார்கள். முதல் முறை மக்கள் பந்தைப் பார்த்தார்கள். இரண்டாம் முறை பாதிப் பேர் பார்த்தார்கள். நான்காம் முறை களத்தில் கூடியிருந்த நாற்பதாயிரம் பேரில் ஒருவர்கூடப் பந்தைப் பார்க்கவில்லை.

நீர் நடுக்களத்துக்கு வந்தீர். பந்து உள்ளே போனது மெய் என்றும், பிழைத்தது உம் கண் என்றும், கண் பிழைத்தவன் சங்கு ஏந்தலாகாது என்றும் உரக்கச் சொல்லி, சங்கை நடுக்கோட்டின் மேல் வைத்துவிட்டுத் தெற்கு வாயில் வழியே போய்விட்டீர். நம் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டம் சரிசமத்தில் நின்றுபோனது.

மறுநாள் காலை நாம் செய்தது அறிவுடைய செயல் அன்று. மன்னர் கன்னத்தில் ஈ அமர்ந்தது, அதை விரட்டவே தலை அசைந்தது என்று பறையறைவித்தோம். அன்று முதல் இந்த ஊரில் தலை அசைக்காதவர் இல்லை. கடைத்தெருவில் ஒரு கிழவி பூசணிக்காய் விற்கிறாள், வாங்க வந்தவன், "ஏ ஆத்தா, காய் முத்தலா, பிஞ்சா?" என்று கேட்கிறான், அவள் வாய் திறவாமல் தலையை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டிவிட்டு, "ஈப்பா, ஈ! வேற ஒண்ணுமில்ல!" என்கிறாள். தெருவே சிரிக்கிறது. ஒற்றர் இதை வந்து சொன்னபோது அவர் முகமும் சரியில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

முதல் ஓலையை ஓலைநாயகம் எயினனாரிடம் சொல்லி எழுதுவித்தோம். அவர் பாதியில் எழுத்தாணியை நிறுத்தி, ஆவணம் ஆதலால் ஈ எந்தக் கன்னத்தில் அமர்ந்தது என்று பணிவுடன் வினவினார். இடக்கன்னம் என்றோம். பறையில் வலக்கன்னம் என்று சொல்லப்பட்டதாக மேலும் பணிவுடன் தெரிவித்தார். அந்த ஓலை எரிந்தது. இரண்டாவதில் உம்மைக் கட்டி இழுத்துவர ஆணையிட்டோம். தேவியார் படித்துவிட்டு, ஆட்டம் முழுதும் வீரர் இருவர் நடுவரின் தோளைப் பிடித்துக்கொண்டே ஓடுவார்களா என்று கேட்டார். மூன்றாவதில் உம்மைப் புகழ்ந்தோம். அந்தத் தித்திப்பை நம்மாலேயே படிக்க முடியவில்லை.

ஐந்து நாள் ஓடிவிட்டது. ஆழிநாட்டுத் தூதர் வந்து, நாற்பதாயிரம் பேர் முன்னிலையில் தம் தீர்ப்பைத் தாமே உடைத்தவர் அன்றி வேறொரு நடுவரைத் தம் அரசர் ஏற்கமாட்டார் என்று சொல்லிப் போனார். அக்கரையில் போர்ப்படகுகளுக்குக் கீல் பூசுகிறார்களாம். நம் படைத்தலைவரும் வாட்களைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டார். நாளை மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் மீதி ஆட்டம் நடந்தாக வேண்டும்.

இன்று காலை சினம் தலைக்கேறி, ஏழாம் கண்ணைப் பிடுங்கி ஆற்றில் எறியச் சொன்னோம். தச்சன் ஏணியில் பாதி ஏறிவிட்டான். பிடுங்க வேண்டியது கண்ணை அன்று என்று அப்போதுதான் உறைத்தது. அவனைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டு, நானே எழுத்தாணியை எடுத்துக்கொண்டேன்.

பொற்சாத்தனாரே, ஈ இல்லை.

ஏழாம் கண் கண்டது பாதிதான். மீதிப் பாதி அன்று காலையில் நடந்தது. வழக்கப்படி சங்கைப் பெற்றுக்கொள்ள நீர் அரண்மனைக்கு வந்தீர். நான் சங்கை உம் கையில் வைத்தேன். ஆனால் பிடியை விடவில்லை. துறைமுகக் கண்காணிப்புப் பதவிக்கு உம் மகன் எழுதிய விண்ணப்பம் என் முன் இருக்கிறது, நாளை பார்ப்போம், இன்று நம் கொடி இறங்கக்கூடாது என்றேன். அதன் பிறகே விரலைத் தளர்த்தினேன். நீர் சங்கோடு களத்துக்குப் போனீர். அந்த அறையில் எந்தக் கண்ணும் நாட்டப்படவில்லை.

உம் கண் பிழைக்கவில்லை. பந்து உள்ளே விழுந்ததை நீர் கண்டீர். கண்டதனால்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர். கையை விரித்தது உம் பிழை, அதை நான் மூடி மறைக்கப்போவதில்லை. ஆனால் உம் பிழையை நீர் நடுக்களத்தில் நின்று சொல்லிவிட்டீர். என் பெயரைச் சொல்ல வாய்ப்பிருந்தும், கண்ணின் மேல் பழி போட்டுக்கொண்டு போனீர். ஐந்து நாளாய் என்னை இருக்கவிடாமல் எழுப்பி நடத்துவது அதுதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே ஆணையிடுவது: இந்த ஓலை இரண்டாகப் படியெடுக்கப்படும். ஒன்று உமக்கு. மற்றொன்றை, நீர் வந்தாலும் வராவிட்டாலும், நாளை மறுநாள் உச்சிப்பொழுதுக்கு முன் எயினனார் நடுக்களத்தில் நின்று, இரு நாட்டாரும் கேட்க, பூசணிக்காயையும் விடாமல் வாசிப்பார். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என் மாடத்தைப் பிரிக்கிறார்கள். சம்மட்டிச் சத்தம் இங்கே கேட்கிறது. நான் மேற்குப் பக்கத்து வெயிலில், கூட்டத்தோடு கூட்டமாக அமர்வேன். ஆட்டம் முடியும் வரை ஏழாம் கண் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆய்வோருக்குச் சொல்லியாயிற்று. உம் மகனின் விண்ணப்பம் ஊர்ச் சபைக்குப் போய்விட்டது. இனி அதில் என் கை இல்லை.

இந்த ஓலையோடு வீரர் எவரும் வரவில்லை. ஒரு தூதன், ஆள் ஏறாத ஒரு குதிரையோடு வருகிறான். குதிரை வெறுமையாகத் திரும்பினால் உம்மை ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்.

ஆடித் திங்கள் பதினோராம் நாள், முற்பகல், என் கையால் எழுதி, நாரை முத்திரை இடுகிறேன். அரக்கு ஆறும்வரை நிற்கப் பொறுமையில்லை, அதற்குள் தூதன் புறப்படுவான். களம் காப்போரும் களம் புகுவோரும் இவ்வாணையை வழுவாது காக்க.

நீர் வைத்த சங்கு நடுக்கோட்டின் மேலேயே கிடக்கிறது. நேற்றைய மழையில் நனைந்தது. எடுக்க எண்ணி இருமுறை போய், குனிந்து, கையை இழுத்துக்கொண்டேன். இம்முறை அதை என் கையிலிருந்து பெற வேண்டாம். நீரே வந்து எடுத்துக்கொள்க.