வெந்நீரில் ஒரு சதுரங்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருப்பாய், எனக்குத் தெரியும். ஒழுங்காகச் சாப்பிடு. நான் நலம்.

ஞாயிற்றுக்கிழமை புடாபெஸ்டின் பழைய வெந்நீர்க் குளம் ஒன்றுக்குப் போனேன். மார்பளவு தண்ணீரில் நின்றபடி இரண்டு கிழவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். தெஜோ என்பவர் குதிரையைத் தொட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. "யானையை நகர்த்துங்க" என்று சொல்லிவிட்டேன்.

"வேடிக்கை பாக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாதுடா! வீட்டுல சொல்லித் தரலையா?" என்று கத்தினார்.

எதிரே ஆடியவர் சிரித்தார். "விடு தெஜோ. பையன் சொன்னது சரி, அதான் உனக்கு எரியுது."

இந்த ஊருக்கு வந்த இரண்டு வாரத்தில் அலுவலகத்துக்கு வெளியே யாரும் என்னிடம் பேசவில்லை. அதனால் அங்கேயே நின்றேன். இருபது நிமிடத்துக்கு மேல் இருக்காதே என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. பம்பு இன்ஜினியரான எனக்கு முப்பத்தெட்டு டிகிரி வெந்நீர் என்ன செய்யும் என்று தெரியாதா? ஆனாலும் ஒரு மணி நேரம் நின்றேன். லேசாகத் தலை சுற்றியது, அவர்கள் இருவரும் தூக்கிக் கரையில் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான், பயப்படாதே.

தெஜோ என் முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அடித்துவிட்டு, "அடுத்த ஞாயிறும் வா. ஆனா வாயை மூடிட்டு வா" என்றார்.

அப்பாவின் ரப்பர் செருப்பை அனுப்பு, குளத்தில் தரை வழுக்குகிறது. கசகசா கேக்கும் செய்து அனுப்பு. எனக்கு ஒரு துண்டு போதும், ஆனால் மூன்று பேருக்கு வருகிற மாதிரி செய். சனிக்கிழமைக்குள் கட்டாயம் வந்துவிட வேண்டும். நிறுத்தத்தில் நின்றுதான் எழுதுகிறேன், பேருந்து வந்துவிட்டது.

உன் மகன்
கெர்கோ