பின்வாசல் கைவிசேஷம்

ஒட்டுசுட்டான்
1963 வைகாசி

அன்புள்ள மகள் ஜெகதிக்கு அம்மா எழுதுவது,

தான்தோன்றீஸ்வரர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் மன்றாட்டம். உன் ஐயாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. யானை வந்து கிணற்றடி வாழையை முறித்துப் போட்டது, நல்ல காலம் குலையை முதல் நாள்தான் வெட்டினோம். சித்திரை வருஷத்துக்கு நீ ஏன் வரவில்லை என்று ஊரெல்லாம் கேட்டது. முதலாளியின் தங்கை வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள், விட்டுவிட்டு வர முடியவில்லை என்று நீ எழுதியதையே எல்லோருக்கும் சொன்னேன்.

ஐயா வேலை செய்கிற கடையின் புதினம் கேட்டிருந்தாய். நீ போகும்போது சந்தியில் எங்கள் முதலாளியின் மயில் கடை ஒன்றுதான் இருந்தது. இப்போது நேர் எதிரே விளக்குக் கடை வந்துவிட்டது, புதுக்குடியிருப்பிலும் முல்லைத்தீவிலும் விளக்குப் படம் போட்ட பலகையோடு இருக்கிறதே, அந்த ஆட்கள்தான். அவர்களுக்கு அலுமாரியும் இல்லை கதிரையும் இல்லை. மண் தரையில் சாக்கை விரித்து வைத்து, சவர்க்காரக் கட்டியை நூலால் நறுக்கித் துண்டு துண்டாக விற்கிறார்கள். வயலால் வருகிற குடியேற்றக் கொலனிச் சனம் சேற்றுக் காலோடு அங்கே போகும். எங்கள் கடையின் சிவப்புச் சீமெந்துத் தரையில் அந்தக் காலை வைக்க யாருக்கு மனம் வரும். கந்தோர் உத்தியோகத்தரும் றோட்டு ஓவசியர் வீட்டாரும் பிஸ்கற் ரின் வாங்கினால் போதும் என்று இருந்த முதலாளிக்கு, அன்றாடம் வாங்குகிற சனத்திடம்தான் பெரிய வியாபாரம் இருக்கிறது என்று இப்போதுதான் கண் திறந்தது. உடனே கொலனிச் சனத்துக்கென்று சாக்கு அறையின் பின்சுவரை உடைத்துக் கதவு போட்டு, கிடுகுப் பந்தலும் போட்டுவிட்டார். முன்பக்கம் புடைத்த பருப்பு, பின்பக்கம் புடைக்காத பருப்பு. ஆனால் ஒரு குஞ்சும் வரவில்லை. எங்களைப் பின்பக்கத்தாலை கூப்பிட அவர் ஆர் என்று உன் ஏரம்புப் பெரியப்பா சந்தியில் நின்று கேட்டுப்போட்டார், அவர் சொன்னால் கொலனி கேட்கும். அண்ணனும் தம்பியுமாக வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள், தம்பியான உன் ஐயா கணக்குத் தெரிந்த பாவத்துக்கு மனேச்சர் ஆனார். உம்முடைய அண்ணரே வராட்டில் நீர் என்னத்துக்கு மனேச்சர் என்று முதலாளி ஐயாவை ஏசிப் பேசினார். ஐயா என்ன செய்வார், இரண்டு பக்கமும் தலையை ஆட்டினார்.

இங்கே வருஷப் பிறப்பன்று எந்தக் கடையில் கைவிசேஷக் காசு வாங்குகிறோமோ, அடுத்த வருஷம் வரும்வரை அந்தக் கடையை விடக் கூடாது என்பது உனக்குத் தெரியும்தானே. அதனால் அன்றைக்கு முதலாளியே காரில் வந்து முன்வாசலில் வெள்ளித் தட்டோடு நின்றார். ஐயாவைப் பின்வாசலில் நிற்க விட்டார். நான் மனேச்சர் பெண்சாதியாம், நல்ல சேலை உடுத்து ஓவசியர் பெண்சாதிக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்க வேண்டுமாம். இருந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் சாக்கு அறைக்கு அப்பால் உன் ஐயா வெயிலில் வெற்றிலைத் தட்டோடு தனியே நிற்பது தெரிந்தது. எதிர்க்கடையில் திருவிழா மாதிரிச் சனம். எழும்பிச் சுற்றிப் போய்ப் பின்வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். முதலாளிக்கு வெட்கம் வரட்டும் என்றுதான் செய்தேன் பிள்ளை, சத்தியமாக அதற்குத்தான். ஐயா வெற்றிலையையும் நெல்லையும் காசையும் என் கையில் வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

முதலாளி ஓடி வந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கையைத் தட்டிச் சிரித்து, மனேச்சரின்ரை பெண்சாதியே இஞ்சை வாங்கிறா, உங்களுக்கென்ன வெக்கம், வாங்கோ என்று றோட்டுக்குக் கேட்கக் கூப்பிட்டார். முதலில் வந்தது வேறு யாருமில்லை, ஏரம்புப் பெரியப்பாவின் பெண்சாதி, உன் அன்னபாக்கியம் பெரியம்மாதான். அவா வர, பின்னால் கொலனிப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பிறகு, ஏனக்கா வந்தனீங்கள் என்று கேட்டேன். நீ தனிய நிண்டாய் நாகேசு, உன்னை எப்பிடி விடுறது எண்டுதான் வந்தனான் என்றா. எனக்கு அழுகை வந்துவிட்டது. கைவிசேஷம் வாங்கியாயிற்று, இனி இந்த வருஷம் முழுக்க அந்தப் புடைக்காத பருப்புத்தான் அவர்களுக்கு.

இப்போது பெரியப்பா ஐயாவோடு கதைப்பதில்லை. ஓவசியர் பெண்சாதி என்னைக் கண்டால் குடையைச் சரிக்கிறா. விளக்குக் கடைக்காரரும் சும்மா இல்லை, கதிரையும் கண்ணாடி அலுமாரியும் இறக்கி ஓவசியர் வீட்டாரைக் கூப்பிடுகிறார்கள். முதலாளியோ என்னை வெள்ளிக்கிழமை தோறும் பின்வாசலுக்கு வந்து சாமான் வாங்கச் சொல்லியிருக்கிறார், சனம் பார்க்க வேண்டுமாம். நான் போகாவிட்டால் ஐயாவுக்குப் பேச்சு, போனால் எனக்கு மூச்சு முட்டுகிறது. வேலையை விட்டுவிட்டு வயலைப் பார்ப்போமா என்று ஐயா ஒருநாள் கேட்டார். கேட்டவரே பிறகு கையைக் கழுவப் போய்விட்டார். நீ இருக்கிறது முதலாளியின் தங்கை வீட்டில், கொழும்பில் எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள். என்னில் சந்தோஷப்பட்டு, பரீட்சை முடியும்வரை பிள்ளை அங்கேயே நிற்கலாம் என்று முதலாளி தங்கைக்கு எழுதிவிட்டாராம். அதைக் கேட்டு நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

லொறிக்கார இளையதம்பியிடம் எள்ளுருண்டையும் பனங்கட்டியும் கொடுத்துவிடுகிறேன், எல்லாவற்றையும் அந்த வீட்டாருக்குக் கொடுத்துவிடாமல் நீயும் சாப்பிடு. மழையில் நனையாதே, சுருக்கெழுத்தை விடாமல் எழுதிப் பழகு. கடவுள் உனக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் தரட்டும், ஐயாவும் அப்படியே சொல்லச் சொன்னார்.

ஒன்று மறந்துவிடாதே. அந்த வீட்டு ரேடியோவைப் பற்றி எழுதினாய், காற்றாடியைப் பற்றி எழுதினாய், சுவரளவு கண்ணாடியைப் பற்றியும் எழுதினாய். நீ எந்த வாசலால் போய் வருகிறாய் என்று ஒருநாளும் எழுதவில்லை. அதை எழுது பிள்ளை.

இப்படிக்கு,
உன் அம்மா
நாகேஸ்வரி