ஞாயிற்றுக்கிழமை விழுந்த பாறை

பக்கத்து மனையில் போர்வெல் போடுகிறார்கள். காலையிலிருந்து வண்டி உறுமிக்கொண்டே இருக்கிறது. நாற்பது அடி வரைக்கும் மண் வந்தது. அதற்குப் பிறகு இரும்பு பாறையில் இறங்கிய நேரத்தை எனக்கு மூக்கு சொல்லிவிட்டது. சுட்ட கல்லின் வாசனை. வெள்ளைத் தூள் மதில் தாண்டி வந்து, நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டின் மேல் மாவு சலித்தது போல விழுந்தது. விரலால் துடைத்து அந்த விரலை முகர்ந்தேன். நீ வந்துவிட்டாய். பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

சிரிக்காதே. எழுதுவது நான்தான். மத்தியான நேரத்தில் அங்கன்வாடிக் கட்டடத்தில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் போன பிறகு அவர்கள் உட்காரும் அதே சின்னப் பலகையில் நாங்கள் உட்காருகிறோம். முதல் ஆறு மாதம் என் எழுத்து ஒவ்வொன்றும் அடிபட்ட கோழி மாதிரி நோட்டில் விழுந்து கிடந்தது. இப்போது எழுந்து நடக்கிறது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்காமல் போர்டு பார்த்து பஸ் ஏறுகிறேன். முதல் தடவை ஏறியபோது கண்டக்டரிடம் ஊர்ப் பெயரை இரண்டு முறை சொன்னேன். ஒரு முறை டிக்கெட்டுக்கு, ஒரு முறை சந்தோஷத்துக்கு.

போன வாரம் டீச்சர் அம்மா ஒரு பழைய பள்ளிக்கூடப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் பாறைகளைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. எட்டுப் பக்கத்தை நான்கு நாள் படித்தேன். படிக்கப் படிக்க எழுந்து நின்றுவிட்டேன். முப்பது வருஷம் நாம் உடைத்தது என்ன என்று நமக்குத் தெரியவே தெரியாது!

கல் சும்மா கிடக்கிற பொருள் என்று நினைத்தோமே, அதன் பிறப்பே அடிதடி. நம் குவாரிக் கல் பூமிக்குள் எத்தனையோ மைல் ஆழத்தில் வெந்திருக்கிறது. மேலே மலை மலையாகப் பாரம், கீழே நெருப்பு. நடுவில் நசுங்கி, வளைந்து, உருகாமல் உருகி, பழைய கல் செத்து வேறு கல்லாக ஆகியிருக்கிறது. சுவரில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக நெளிந்திருக்குமே, அது நசுக்கப்பட்ட நெளிவு. நாம் மாதுளை முத்து என்று சொன்ன சிவப்புப் புள்ளிகள் அந்த நசுக்கலில் பிறந்தவை. கிழக்குப் பக்கம் ஒரு கறுப்புப் பட்டை சுவரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், குழி போடுகிற ஜாக்கமர் முனையை மழுங்கடிக்கும், நீ கெட்ட வார்த்தையில் திட்டுவாய், ஞாபகம் இருக்கிறதா? அது கல் பிளந்தபோது கீழிருந்து பீறிட்டு வந்த நெருப்புக் குழம்பு. வந்த வேகத்தில் பிளவுக்குள்ளேயே உறைந்துவிட்டது. நீ நெருப்பைத்தான் திட்டியிருக்கிறாய்.

"கல்லு நின்னுக்கினு இல்லடா, ஓடிக்கினு கீது. நம்ம கண்ணுக்குத்தான் நேரம் பத்தல" என்று நீ சொல்வாய். நாங்கள் சிரிப்போம். நீ வெடிக்காரன், நான் ஜாக்கமர் பிடிக்கிறவன். நான் குழி போட, நீ மருந்து திணிப்பாய். மத்தியானச் சோற்று மணிக்கு எல்லோரும் மேலே ஏறிய பிறகு சிவப்புத் துணியை ஆட்டி, விசில் ஊதி, "வெடி! வெடி! வெடி!" என்று மூன்று தரம் கத்துவாய். மலை எழுந்து உட்காரும். அடுத்த குவாரி நாய்கள் வரைக்கும் குரைக்கும். நம் காது இரண்டும் மந்தமானது அப்படித்தான்.

காலையில் நீ வந்ததும் செய்கிற வேலை ஒன்று உண்டு. சின்னச் சுத்தியை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகத் தட்டிக்கொண்டே போவாய். தட்டிவிட்டுக் காதை ஒட்டவைப்பாய். பொம்பளைகள் ஜல்லிக்கூடையை இறக்கிவிட்டுக் கிண்டல் பண்ணுவார்கள்.

"டாக்டரு வந்துட்டாரு. இன்னாயா, கல்லுக்கு ஜுரமா?"

"கல்லுக்கு இல்ல தாயி. உங்க மேஸ்திரிக்குத்தான். மண்டையில தட்டினா ஒரு சத்தமும் வரல."

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்டு ஒரு வாரம் இருக்கும். மேற்குச் சுவர் மூன்று மாடி உயரம் நின்றது. நீ தட்டினாய். இன்னொரு முறை தட்டினாய். முகம் மாறிவிட்டது. சுவரின் இடுக்கில் மஞ்சளாகத் தண்ணீர் கசிந்தது. அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாய். வழவழவென்று களிமண்.

"பானையாட்டம் கேக்குது. உள்ளுக்குள்ள கல்லு மண்ணாயிக்கினு கீது. பொறுக்கு பொறுக்கா ஏடு பிரிஞ்சிடுச்சி மேஸ்திரி. கீழ யாரும் போவாதீங்க" என்றாய்.

மேஸ்திரிக்கு ஹைவே வேலைக்கு ஜல்லி போக வேண்டும், லாரிகள் வரிசையில் நின்றன. "நீ வெடி வெக்கிற ஆளா, ஜோசியம் சொல்ற ஆளா? காலையிலயே பேஜாரு பண்ணாத" என்றார். என்னைப் பார்த்தார். "இன்னாடா, நீயும் பயந்துட்டியா? ஜல்தி எறங்கு."

எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக நான் ஜாக்கமரைத் தூக்கினேன். நீ குறுக்கே வந்தாய். நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். திரும்ப வந்து சட்டையைப் பிடித்தாய். குத்தினேன். உன் உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் ஓடியது. ஜல்லிக் குவியலில் இரண்டு பேரும் உருண்டோம். உன் கழுத்தை நெரித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். எழுந்து திரும்பவும் சுவரைப் பார்த்து நடந்தேன். அப்போது பின்னாலிருந்து துளை போடுகிற இரும்புக் கம்பி என் இடது கையில் இறங்கியது. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பச்சை மூங்கில் ஒடிகிற மாதிரி.

"இப்ப போடா பாக்கலாம். ஒத்தக் கையில ஜாக்கமர் புடி" என்று நீ அழுதுகொண்டே கத்தினாய்.

அன்று சுவர் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. ஊரே உன்னைப் பார்த்துச் சிரித்தது. நான்கு நாள் கழித்து மேஸ்திரி ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தார். எனக்கு எழுத்து தெரியாது, என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் கைநாட்டு வைத்துவிட்டேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்று உனக்கு எழுதும்போது அந்தப் பொய் வேண்டாம். மேஸ்திரி வாசித்துக் காட்டினார். நீ குடித்துவிட்டு வந்து காரணம் இல்லாமல் என்னை அடித்தாய் என்று எழுதியிருந்தது. நீ குடிக்க மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். எல்லாம் தெரிந்துதான் கட்டைவிரலை மையில் தேய்த்தேன். கை வலித்துக்கொண்டிருந்தது. கையை விட, ஊர் முன்னால் அடி வாங்கினது வலித்தது.

அந்தத் தாளுக்குப் பிறகு எந்தக் குவாரியிலும் உன்னை வெடி மருந்து தொட விடவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்து சுத்தியால் ஜல்லி உடைத்தாய். பத்து வருஷத்துக்கு மேல் அந்தத் தூளை மூச்சாக இழுத்தாய். நெருப்புக்கும் பாரத்துக்கும் தப்பி வந்த கல் கடைசியில் உன் நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. கூட்டேரிப்பட்டில் டீக்கடை எதிரே ஒரு தடவை உன்னைப் பார்த்தேன். இருமி இருமி மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் ரோட்டின் இந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்பது போல நின்று, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டேன். எனக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தது உன் சாவுச் சேதிதான்.

பாடத்தின் ஆறாவது பக்கத்தில் இருந்ததைச் சொல்கிறேன். ஆழத்தில் பிறந்த கல், மேலே இருக்கிற பாரம் போனதும் மூச்சு விட்டு விரியுமாம். அப்படி விரியும்போது வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாகப் பிரியுமாம். அந்த இடுக்கில் மழைத் தண்ணீர் இறங்கி, கல்லில் இருக்கிற ஒரு வகை மணிகளைக் களிமண்ணாக மாற்றிவிடுமாம். வழுக்குகிற களிமண். அதன் மேல் நிற்கிற ஏடு எப்போது வேண்டுமானாலும் சரியும். மலையைத் தோண்டித் தோண்டி அந்தப் பாரத்தை எடுத்தது நாம்தான். நீ இரண்டு விரலில் தேய்த்துச் சொன்னதை அச்சடித்து வைத்திருக்கிறார்கள்! எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தப் பக்கத்தைச் சத்தம் போட்டுப் படித்தேன். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து, "யாரோட சண்டை?" என்றாள்.

இவ்வளவும் எழுதிவிட்டு இரண்டு நாள் நிறுத்திவிட்டேன். நீ சொன்னது சரி என்று உனக்கு எழுதி என்ன பிரயோஜனம், கேட்க வேண்டிய ஆள் உயிரோடு இருக்கிறாளே என்று தோன்றியது. நேற்று விழுப்புரம் போனேன். உன் சம்சாரம் மகள் வீட்டில் இருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வாங்கண்ணே. இம்மா வருஷம் கழிச்சித்தான் வழி தெரிஞ்சிதா?"

"போர்டு படிக்கத் தெரிஞ்சிக்கினு வந்தேம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தகத்தை எடுத்து ஆறாம் பக்கத்தை வாசித்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "அவரு சொன்னது அத்தனையும் சரிம்மா. நான் பொய்க்கு கைநாட்டு வெச்சேன். அவரு குடிக்கல" என்றேன்.

"குடிக்கலன்னு எனக்குத் தெரியாதா? அத சொல்லவா பஸ் ஏறி வந்தீங்க?" என்றாள். பிறகு, "சுவரு எப்புடி விழுந்துச்சின்னு நெனச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டாள்.

எப்படி என்று எனக்குத் தெரியுமே. ஊருக்கே தெரியும். கை முறிந்து எட்டு வாரம் நான் வீட்டில் இருந்தேன். உன்னைப் பார்த்துச் சிரித்த மற்ற ஜாக்கமர் ஆட்களே மேற்குச் சுவரடியில் இறங்கப் பயந்து மறுத்ததால், மேஸ்திரி எனக்காகக் காத்திருந்தார். திங்கட்கிழமை நான் வேலைக்கு இறங்க வேண்டும். அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, குவாரியில் ஒரு ஈ காக்கை இல்லாத நேரத்தில், மேற்குச் சுவர் மொத்தமாகச் சரிந்து விழுந்தது. திண்டிவனம் ரோடு வரைக்கும் தரை அதிர்ந்ததாகச் சொன்னார்கள். நான் மயிலம் மலையேறி முருகனுக்கு மொட்டை போட்டேன்.

அதைச் சொன்னேன். அவள் மல்லாட்டைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள்.

"சனிக்கெழம சந்தையில உங்க வீட்டு அண்ணிய பாத்தேன். திங்கக்கெழம நீங்க வேலைக்கு போறீங்க, மேக்கு சுவராண்டதான் மொத குழின்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்து அவருகிட்ட சும்மா பேச்சுவாக்குல சொன்னேன். காலையில பூசைக்கு கெளம்பற நேரத்துல கடப்பாரையும் வடக்கயிறும் எடுத்துக்கினு போறாரு. இன்னாயா, சாமி கும்பிட கடப்பாரை எதுக்குன்னு கத்தினேன். திரும்பியே பாக்கல. பொழுது எறங்கித்தான் வந்தாரு. உச்சியில மரத்துல கயிறு கட்டி தொங்கிக்கினு, இடுக்குல கடப்பாரைய உட்டு நெம்பி நெம்பி தள்ளியிருக்காரு. ஒரு கல்லு போனா எல்லாம் போயிடும், அந்த ஒரு கல்லு எதுன்னு எனக்குத் தெரியும்னாரு. விழுந்தப்போ கயித்தோட சேத்து இவரையும் அடிச்சி மோதியிருக்குது. உள்ளங்கையில தோலே இல்ல. ஒரு மாசம் நான்தான் சோறு ஊட்டினேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"போலீஸ் கேஸாயிடும்னு மொதல்ல சொல்லல. அப்புறம் நான் சொல்றேன்னுதான் சொன்னேன். வேணாம், அவனே வந்து கேக்கட்டும், சொல்றேன்னாரு. நீங்க வரவே இல்லியேண்ணே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரு போர்டும் படிக்கவில்லை.

இன்னும் ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். அவளிடம் சொல்ல முடியவில்லை. அந்தத் திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். ஜாக்கமர் வேண்டாம், விழுந்ததை உடைத்து லாரியில் ஏற்று என்றார் மேஸ்திரி. ஏற்றினேன். கறுத்த கற்களின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக வெட்டு விழுந்திருந்தது. ஒரே இடத்தில் பத்து, பதினைந்து. சிலவற்றில் செம்மண் பூசினாற்போல் காய்ந்த கறை. நான் முப்பது வருஷம் கல்லோடு கிடந்தவன். கடப்பாரை பட்ட அடி எது, விழுந்து சிராய்த்தது எது என்று குருடனுக்கும் தெரியும். அது உன் கை என்று தெரிந்தே அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

அதை லாரியில் போட்டேன். போட்டுவிட்டு அடுத்த கல்லைக் குனிந்து எடுத்தேன். லாரியில் போட்ட அந்தக் கல் இன்னும் என் கையில்தான் கனக்கிறது.