சதுப்பைப் பார்த்த படிகள்

மார்ச் 4

வரைபடத்தில் எங்கள் ஊர் இல்லை. முதலில் கண்ணில் பட்டது அதுதான். நோங்சிம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் நீலம். சதுப்பு.

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த சந்தலா அக்கா அதை எங்கள் படியில் விரித்திருந்தாள். இந்த மாதம் எங்களைப் பக்கத்து ஊரான தோங்யாயோடு சேர்க்கப்போகிறார்கள். அதற்கு முன் ஊரின் வரலாற்றை எழுதவேண்டுமாம். அம்மாவும் அப்பாவும் சூளைக்குப் போயிருந்தார்கள். நான்தான் இருந்தேன்.

நான் திக்கித் திக்கி வாயைத் திறந்தால் எல்லாரும் அவசரப்படுத்துவார்கள். பள்ளியை விட்டதும் அதனால்தான். இவள் காத்திருந்தாள். அதனால் பேசினேன். கிழக்கே தாமரைச் சதுப்பு, மேற்கே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தோங்யாய்.

"ஏன் எல்லா வீட்டுப் படியும் சதுப்பப் பாத்து இருக்கு? ரோடு இந்தப் பக்கம்தானே?" என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன். அந்தக் காலத்தில் மூன்று குடும்பங்களைப் 'போப்' என்று சொல்லித் தோங்யாயிலிருந்து விரட்டினார்கள். ஆளுக்குள் புகுந்து ஈரலையும், ராத்திரியில் கோழியையும் தின்னும் பேயாம். யாருக்கும் வேண்டாத சதுப்பு ஓரத்தில் எங்கள் முன்னோரான அவர்கள் வீடு கட்டினார்கள், விரட்டிய ஊருக்கு முதுகைக் காட்டி.

ஒரே நாளில் இவ்வளவு பேசியதே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 5

சொல்லியிருக்கக்கூடாதோ?

மார்ச் 19

தோங்யாய் விகாரை மண்டபத்தில் இரண்டு ஊரும் கூடின. சந்தலா அக்கா வாசித்தாள். நான் சொன்னது அப்படியே இருந்தது.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "இனிமே கோழிய எண்ணிட்டுத் தூங்குங்கப்பா!"

"கோழி எதுக்கு? உன் ஈரல எண்ணு!"

மண்டபமே சிரித்தது. மே மாதம் என் அக்கா பவ்வன் கட்டிக்கொள்ளப் போகும் தோங்யாய்க்காரன் கம்சாயும் சிரித்தான். அவன் அம்மா சீதா மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் அம்மா கொடுத்திருந்த ஒட்டுச்சோற்றுக் கூடையைத் திறக்காமலே அவள் மடியில் திருப்பி வைத்தார்.

ஐயோ, என்ன செய்துவிட்டேன்.

மார்ச் 20

சீதா வீட்டிலிருந்து ஒருவர் வந்து சொன்னார். கல்யாணம் வேண்டுமென்றால் அக்கா முதலில் பேயோட்டுபவர் முன்னால் உட்காரவேண்டும். ஊர் பார்க்க.

"உக்காந்தா நான் பேயின்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும்" என்றாள் அக்கா. "கம்சாய் என்ன சொல்றான்?"

"அம்மா மனசு நோகக்கூடாதுங்கறாரு" என்றார் வந்தவர்.

அக்கா எழுந்து போய் அரிசி களைந்தாள். என்னைத் தாண்டும்போது, "உனக்குப் பேசவே வராதுன்னுல்ல நெனச்சேன்" என்றாள். அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

மார்ச் 27

சந்தலா அக்காவைத் தேடிப் போனேன். அதை அழிக்கச் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"தப்பா எழுதிட்டேனாம்மா?"

"இல்ல."

"பொய்யா?"

இல்லை. பொய் இல்லை. ஆனால் அது என்னுடையது மட்டுமா? இதைச் சொல்ல வாய் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 6

அக்கா தலைநகர் வியந்தியானுக்குத் தையல் வேலைக்குப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு நெய்த பட்டுப் பாவாடையை எடுத்துப்போகவில்லை. உடுத்திப் பார்த்தேன். எனக்கு நீளம்.

ஏப்ரல் 15

புத்தாண்டு. பெரியவர்கள் கையில் பூநீர் ஊற்றி மன்னிப்புக் கேட்கும் நாள். இன்றைக்கு யாரும் கையை இழுத்துக்கொள்ளக்கூடாது. அதை நம்பித்தான் தனியாகச் சீதா வீட்டுக்குப் போனேன். அக்கா திரும்பி வர வேறு வழி தெரியவில்லை.

விரல் நுனியை மட்டும் நீட்டினார். ஊற்றினேன். "பேசினது நான்தான் பெரியம்மா. அக்கா இல்ல. அவளக் கூப்பிட்டுக்கங்க." திக்கினாலும் முழுசாகச் சொன்னேன்.

"ஒரு மணி நேரம் உக்காந்து எழுந்திருக்கலாம்ல அவ?" என்றார் சீதா. "பிடிவாதம்."

உள்ளேயிருந்து கம்சாய் வந்தான். நெற்றியில் புத்தாண்டு விளையாட்டில் யாரோ பூசிய மாவு. "எனக்கும் ஊத்து. உன்னவிட மூத்தவன்ல நான்?" என்று சிரித்தபடி இரண்டு கையையும் நீட்டினான்.

அவன் கையில் ஊற்றாமல், மிச்சத் தண்ணீரை வாசல் வாழைக்கு ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.