பத்து ஃபாரத்துக்கும் ஒரே டிக்

ஜனவரி 9, செவ்வாய்

தேவராஜ மார்க்கெட்டில் இன்று மானம் போயிற்று. பூக்கார வடிவிடம், "எம் பொண்ணு பிஎச்.டி.க்கு இப்ப ஆர்ல வேலை பண்றா" என்று அளந்தேன். "ஆருகிட்டங்க?" என்றாள். ஆர் (R) என்பது ஆளில்லை, ஒரு சாஃப்ட்வேர். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்று தடவை எழுதியவன் நான். இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு நழுவினேன்.

ஜனவரி 14

மகள் பூங்குழலி விளக்கினாள். ஹனூர்ப் பக்கத்து மகளிர் சங்கங்கள். ஒரு ஃபைலில் பெண்ணுக்கு ஒரு வரி, இன்னொன்றில் சங்கத்துக்கு ஒரு வரி. 'வீட்டில் உங்கள் பேச்சு எடுபடுகிறதா?' போன்ற கேள்விகள். இரண்டையும் சேர்த்தால், பதிலில் அவளுடையது எவ்வளவு, சங்கத்துடையது எவ்வளவு என்று பிரிக்கலாமாம். முந்நூறு ஃபாரத்தையும் நிரப்பியது நான். சொந்த ஊர்க்காரன் என்று என்னை அனுப்பினாள்.

ஜனவரி 23

"ஒரே சங்கத்துல பத்துப் பேரும் அச்சு அசலா ஒரே பதில்ப்பா. எப்படி? தனித்தனியாத்தானே கேட்டீங்க?"

"பின்ன?" என்றேன்.

எங்கே கேட்டேன்! பத்துப் பேரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேள்வியை ஒரு தரம் படித்தேன். தலைவி பதில் சொன்னாள், மற்றவர்கள் தலையாட்டினார்கள். பத்து ஃபாரத்திலும் டிக். ஒரு நாளில் மூன்று சங்கம் முடித்தேன் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். கழுதை.

ஜனவரி 24

சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

பிப்ரவரி 2

"இது வீட்டில் உட்கார்ந்து நிரப்பியது" என்றாராம் அவளுடைய கைடு இராமச்சந்திரன் சார். திரும்பப் போய்க் கேட்க நேரமில்லை. மார்ச்சோடு உதவித்தொகை நிற்கிறது. "எங்கப்பா பொய் எழுத மாட்டாருன்னு அவருகிட்டயே சண்டை போட்டுட்டு வந்திருக்கா" என்று என் சம்சாரம் சரசு பெருமையோடு சோறு போட்டாள். என்ன பண்ணித் தொலைச்சிருக்கேன் நான்? பெத்த புள்ள படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, உக்காந்து ரசம் கேக்கறேன்.

பிப்ரவரி 20

படிப்பை விடுகிறாள். ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலையாம். இன்னொரு வருஷம் பார்க்கலாமே கண்ணு என்றேன். "பேடப்பா, வேணாம். எனக்கு இது வரல, அவ்ளோதான்."

அவளுக்கு வரவில்லையாம். அவளுக்கு!

மார்ச் 4, திங்கள்

முதல் நாள் வேலை. பஸ் ஸ்டாப் வரைக்கும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்குச் சொந்தமா ஒரு எண்ணமே இல்ல போலப்பா."

நானும் சிரித்துவைத்தேன். ஏறிப் போய்விட்டாள்.

இருக்கிறது கண்ணு. மூன்றாவது சங்கத்தில் ஒருத்தி, கடைசியில் உட்கார்ந்திருந்தவள், "எம் பேச்சு எடுபடறதில்லீங்க" என்று கையைத் தூக்கினாள். நேரமாச்சு, கையைக் கீழே போடும்மா என்று சொல்லி, அவளுக்கும் 'ஆம்' போட்டது நான்தான்.